ஸ்லோ ஸ்பீடில் நிற்காத வண்டி

வண்டி ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நிற்கும்போதுதான் அதற்குக் கேடு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், எஞ்சின் திக்கும், திணறும், ஓர் உதறு உதறும், பிறகு அணைந்தே போய்விடும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் இதை 'ஸ்லோ ஸ்பீடில் நிற்கவில்லை' என்பார்கள். அந்தப் பழைய பெட்டி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சின் உதறினால் சீட்டில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து உதற வேண்டியதுதான். அந்தச் சீட்டில் உட்கார வேண்டியவள் எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி.

அவள் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் அடிவாரத்து ஊர்க்காரன். பன், பிஸ்கட், முறுக்கு என்று மலைக் கடைகளுக்குச் சரக்குப் போடுவது எங்கள் குடும்ப வியாபாரம். எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதமே அவள் கீழே இறங்கி அவள் உம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். வர மாட்டேன் என்றுவிட்டாள். பிரசவ விடுப்பை இப்போதே எடுக்க ஆரம்பித்தால் பிள்ளை பிறந்த பிறகு அதோடு இருக்கிற மாதங்கள் குறைந்துவிடும் என்றாள். அவள் சொன்ன கணக்கில் தப்பில்லை. சரியான கணக்கைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் வியாபாரத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, வேனை ஓட்டிக்கொண்டு அவளுடைய வாடகை வீட்டுக்கே குடிவந்துவிட்டேன்.

வேலைவெட்டி இல்லாமல் பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று என் தம்பியே கேலி செய்தான். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் அதற்கு ஒரு படி மேலே போனார். என் வயதுதான் அவருக்கும். தன் காட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் மிளகும் பயிர் போட்டிருக்கிற ஆள். காலையில் காட்டுக்குப் போகும்போது, 'ஏனுங்க பாய், இன்னிக்கு டூட்டி எப்படி?' என்று கேட்டுவிட்டுத்தான் போவார். என் டூட்டி வாசலில் நிற்கிற வேனைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பது அந்தக் குக்கிராமம் முழுக்கத் தெரியும்.

கேலியெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இதற்கு முந்தைய முறை, அடிவாரத்தில் இருந்தபோது, எட்டாவது மாதத்தில் ஒரு சாயங்காலம் குழந்தை அசையவில்லை என்று அவள் சொன்னாள். ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டார். துடிப்பு முன்னாலேயே நின்றிருக்கும், நீங்கள் பறந்து வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். என் காதில் எதுவும் ஏறவில்லை. வாசலில் ஒரு வண்டி நின்றிருந்தால் என்ற நினைப்பு மட்டும் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த மாதமே இந்த வேனை வாங்கினேன். இந்த முறை அவள் மறுபடி உண்டானபோது, வயிற்றுக்குள் நடப்பது என் கையில் இல்லை, வண்டி என் கையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலைக்கு வரும் முன் வண்டிக்குப் புது பேட்டரி, புது டயர், புது பிளக் எல்லாம் போட்டேன்.

ஆகவே அது ஸ்லோ ஸ்பீடில் நிற்கவில்லை என்றதும் மலைப்பாதைதான் என் கண் முன்னால் வந்தது. செம்மேட்டைத் தாண்டினால் அடிவாரம் வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்துத்தான் திரும்ப வேண்டும். காலை எடுத்தால் அணைகிற வண்டியில் அவளை எப்படி இறக்குவது?

முதலில் பெட்ரோல் மேல் சந்தேகம். மலையில் அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொள்வோம். அதில் தண்ணீர் கலந்திருக்கும் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். டேங்கைக் காலி செய்து வடிகட்டிப் பார்த்தோம். தண்ணீர் இல்லை. இருந்தாலும் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். மறுநாள் காலையில் அதே உதறல்.

அடுத்து ஒயர். பிளக்குக்குப் போகிற மூன்று ஒயர்களில் ஒன்று வெடித்திருந்தால் மழை ஈரத்தில் மின்சாரம் ஒழுகும். மூன்றையும் மாற்றினேன். அதற்கும் மசியவில்லை. எலி கடித்திருக்குமோ என்று ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எங்காவது காற்று ஒழுகினாலும் எஞ்சின் இப்படித்தான் திணறும். குழாய்கள் எல்லாம் நல்லபடியாக இருந்தன. எனக்கு ஆத்திரம் வந்து டயரை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கியது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஐஸ் இல்லாத ஊரில் குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

துணியை வாங்கிக்கொண்டு, "புள்ள அசையுதா?" என்று கேட்டேன்.

"அசையுதுங்க" என்றாள்.

இது நான் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி. காலையில் கண் விழித்ததும் கேட்பேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கேட்பேன். மதியச் சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூடப் பார்க்காமல், வராந்தாவில் வைத்துக் கேட்பேன். அவளும் அலுக்காமல் பதில் சொல்வாள். அந்தப் பதில் வருகிற வரைக்கும் எனக்கு மூச்சு சரியாக விட முடியாது. பதில் வந்த பிறகு ஒரு அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடி மனசு பிறாண்ட ஆரம்பிக்கும். அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் வேனிடம் போவேன். சோக்கை இழுத்து, சாவியைத் திருகி, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவேன். மலைக் குளிர் எஞ்சினுக்கு ஆகாது, அடிக்கடி சூடேற்றி வைக்க வேண்டும் என்பது அடிவாரத்துக்காரனான என் எண்ணம்.

அடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் என் மனைவியின் அண்ணன். அவரிடம் கேட்டுவிடலாம் என்றால் வீட்டருகே சிக்னல் கிடையாது. மேட்டு ரோட்டில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் மட்டும்தான் செல்போன் பேசும். செங்குத்தான ஏற்றம். வேனை அங்கே ஏற்றிக்கொண்டு போய், சீட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுகிற ஆள் அவர்.

பாறைக்குப் பக்கத்தில் வண்டி ஏறக்குறைய ஒழுங்காக நின்றது. கொஞ்சம் நடுக்கம் இருந்தது, அணையவில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டு வாசலில் செத்துச் செத்துப் பிழைத்த வண்டி அவர் காதுக்கு முன்னால் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறது. பிளக் எப்படி இருக்கு என்று கேட்டார். புதுசு மச்சான், போன மாசம்தானே உங்க கடையில வாங்கினேன் என்றேன். அப்போ பிளக் இல்லை, கார்புரேட்டரில் தூசி இருக்கலாம், கீழே கொண்டுவந்தால் கழற்றிப் பார்க்கலாம் என்றார். பிறகு சிரித்தபடி ஒன்று சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க மாப்ள. உங்களுக்குத்தான் ஸ்லோ ஸ்பீடு செட் பண்ணோணும்."

நான் போனை வைத்துவிட்டேன். அவர் பேச்சுக்கு நான் ஏன் மரியாதை கொடுக்க வேண்டும்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருகி வேகத்தைக் கூட்டினேன். இரண்டு நாள் வண்டி கத்திக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் கத்திக்கொண்டே அணைந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் மதியம், பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னாலேயே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் இடப்பக்கமாகப் படுத்தாள். நான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி படுத்தாள். அன்று மட்டும் நான் கேட்கவில்லை. பதிலுக்குப் பயமாக இருந்தது. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவள் கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரலாமுங்க. அசைவு கம்மியா இருக்காப்புல இருக்குது."

இத்தனை நாள் எதற்காகக் காவல் காத்தேனோ அது வந்துவிட்டது. டாக்டரம்மா நாமக்கல்லில் இருக்கிறார். ஏதாவது என்றால் யோசிக்காமல் நேரே வந்துவிடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்காரர் காட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஓடிவந்து முன் சீட்டில் இரண்டு தலையணையைப் போட்டு, "பாத்துப் போயிட்டு வா கண்ணு" என்று அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். நான் சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது.

செம்மேடு வரைக்கும் காலை எடுக்காமல் ஓட்டிவிட்டேன். இறக்கம் தொடங்கியதும் அது தன் புத்தியைக் காட்டியது. முதல் வளைவில் அணைந்தது. உருண்டுகொண்டிருக்கும்போதே கியரில் போட்டுக் கிளப்பினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வளைவிலும் அதேதான். அதற்கடுத்த வளைவில் மேலே ஏறி வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது வண்டி ஆட்டமாக ஆடி அணைந்தது. பஸ் போன பிறகு மறுபடி உருட்டி, மறுபடி குலுக்கிக் கிளப்பினேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றாள். "இந்தக் குலுக்கல்ல நான் வர மாட்டேன். சரி பண்ணிட்டுப் போலாம்."

சரி பண்ண முடிந்திருந்தால் பண்ணியிருக்க மாட்டேனா என்று கத்த வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டினேன். போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் இல்லை. கீழே போகிற வண்டி ஏதும் கண்ணில் படவில்லை. அவள் இறங்கி, தலையணையைத் தடுப்புச் சுவர் மேல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் சீட்டைத் தூக்கினேன்.

வேறு வழியில்லாததால் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டர் கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையில் துணியைச் சுற்றி பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நன்றாக எரிகிற சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் துவளும். முதல் ஒயருக்குத் துவண்டது. நடு ஒயருக்கு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. மூன்றாவதுக்குப் பேருக்குக் கொஞ்சம் துவண்டது. அப்படியென்றால் மூன்றில் ஒன்று செத்துக் கிடக்கிறது, இன்னொன்று அரை உயிர். புது பிளக் ஆயிற்றே என்று இத்தனை நாள் தொடாமலே வைத்திருந்த அந்த நடு பிளக்கைக் கையைச் சுட்டுக்கொண்டு கழற்றினேன்.

அது முழுக்கக் கரி. அடுப்பில் வைத்த சட்டியின் அடிபோலக் காய்ந்த கரி. பொறி பறக்க வேண்டிய இடைவெளியே தெரியவில்லை. மற்ற இரண்டும் அதன் உடன்பிறப்புகள்தான், கரி கொஞ்சம் கம்மி.

"புது பிளக்குன்னீங்களே?" என்றாள்.

"புதுசுதான்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணுவீங்க என்று கேட்டாள். கேள்வி முடிவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. சோக்கை இழுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மேல் போகும். அத்தனையும் எரியாது, மிச்சம் கரியாகப் படியும். வண்டி பாரம் இழுத்துக் கொஞ்ச தூரம் சூடாக ஓடினால் அந்தக் கரி எரிந்து போய்விடும். அதனால்தான் ஏற்றம் ஏறிப் பாறைக்குப் பக்கத்தில் போனபோது அது நல்ல பிள்ளையாக நின்றது. நான் அதைச் சூடாக விட்டதே இல்லை. இழுப்பேன், திருகுவேன், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன், அணைப்பேன். நாள் முழுக்க, வாரக்கணக்கில் இதையே செய்திருக்கிறேன். அவசரத்துக்கு உதவ வேண்டும் என்று நான் காவல் காத்த வண்டியைக் கெடுத்தது என் காவல்தான்.

"அது பாட்டுக்கு உட்டிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

டூல்ஸ் பையில் உப்புத்தாள் இருந்தது. மூன்று பிளக்கையும் தேய்த்தேன். பாட்டிலில் மிச்சமிருந்த பெட்ரோலில் கழுவினேன், கைக்குட்டையால் துடைத்தேன், இடைவெளியை ஒரு பிளேடை நுழைத்துப் பார்த்துச் சரிசெய்தேன். ஒரு பிளக் கீழே விழுந்து உருண்டு ஓடியதை அவள் காலால் தடுத்து நிறுத்தினாள். நான் திருகிவைத்திருந்த ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். சோக் பக்கம் கையே போகவில்லை. சாவியைத் திருகினேன். கொஞ்சம் இருமியது, கரும்புகை விட்டது, பிறகு சீராக ஓடியது. காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அணையாமல் நின்றது. அவள் சீட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் மிச்சமிருந்த வளைவுகளில் ஒன்றில்கூட அது அணையவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துவிட்டு, எப்போதிலிருந்து அசைவு கம்மியாக இருக்கிறது, நேற்று எப்படி இருந்தது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். நேற்று நன்றாக அசைந்தது டாக்டர், காலையிலும் மதியமும் சாயங்காலமும் நான் கேட்டேன், முந்தாநாளும் அப்படித்தான் என்று ஒப்பித்தேன். ஒரு கேள்வியும் விடாமல் கேட்டவன் என்ற பெருமை அந்த நேரத்திலும் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது.

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் அவள்.

வெளியே வந்தேன். கதவுக்குப் பதில் திரைதான் தொங்கியது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"நெசமாத் தெரியலீங்க டாக்டர். அவரு கேக்கறப்பல்லாம் அசையுதுன்னு சொல்லிருவேன். அசையாட்டியும் சொல்லிருவேன். இல்லீன்னு சொன்னா அவரு மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. சொல்லிச் சொல்லி, எது நெசமா அசைஞ்சுது, எது நான் சும்மா சொன்னதுன்னு எனக்கே இப்பப் பிடிபட மாட்டேங்குது. அதான் பயந்து போயி வந்துட்டேன்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். இத்தனை நாளாக நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றில் பாதி அவள் எனக்காக இட்டுக்கட்டியது. அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. இறந்துபோனது அவள் வயிற்றில் இருந்த பிள்ளை. அந்தப் பயத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு வீட்டில் இடமே இல்லாமல் நான் முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அழுகை வந்தது. கையெல்லாம் கரியாக இருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை.

உள்ளே துடிப்பைக் கேட்கிற மெஷினை வயிற்றில் வைக்கிற சத்தம் கேட்டது. கரகரவென்று வெறும் இரைச்சல். இரைச்சல் இடம் மாறியது, நின்றது, மறுபடி வந்தது. போன முறை இந்த இரைச்சலோடு முடிந்துபோனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. திரையைப் பிடித்து இழுத்துவிட்டு உள்ளே ஓட வேண்டும்போல இருந்தது. போகவில்லை. அவள் வெளியே நிற்கச் சொல்லியிருந்தாள். பிறகு தடதடவென்று வேகமாக ஒரு துடிப்பு கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. "இதோ இருக்காங்க" என்றார் டாக்டரம்மா.

ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். நாளைக்கும் வந்து காட்ட வேண்டும், பிரசவம் ஆகும் வரைக்கும் மலை ஏறக் கூடாது என்றார். லீவு போட்டுவிடுகிறேன் என்று அவளே சொன்னாள். அசைவை எண்ண வேண்டியது அம்மாதான், நீங்கள் இல்லை என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். தலையாட்டினேன்.

அவள் உம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். பஜாரில் சாயங்கால நெரிசல். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு நின்றது. காலை எடுத்துவிட்டு நின்றேன். எஞ்சின் அவள் சீட்டுக்கு அடியில் அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திரை வழியாகக் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். புள்ள அசையுதா என்று கேட்க வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸின் பின் கண்ணாடியில் எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். கேட்கவில்லை.

அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"இப்ப உதைக்குதுங்க" என்றாள். "இது நெசம்."

எங்கே, எத்தனை தடவை, பலமாகவா என்று கேட்க வாய் திறந்தேன். முன்னால் பஸ் நகர்ந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வாயை மூடிக்கொண்டு கியரைப் போட்டேன்.